இருபத்திரண்டாம் தேதியின் ஐந்தாவது வரி

1

எனக்குச் சரியாகத்தான் நினைவிருக்கிறதா என்பதில் சந்தேகம் உண்டு. அந்த ஃப்ளெக்ஸின் பின்னணி நீலமா, மயில்கழுத்துப் பச்சையா? நான் பார்த்தபோது ஐந்தாவது வரி அதில் இருந்ததா, இல்லை அந்த வரி இருந்த இடத்தில் ஓட்டை மட்டும்தான் இருந்ததா? வரியை என் கண்ணால் வாசித்தேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது எழுத உட்காரும்போது, பிறகு கேட்டதைப் பார்த்ததாக ஆக்கிக்கொண்டேனோ என்று தோன்றுகிறது.

பழங்காநத்தம் ரவுண்டானா அருகே பேருந்துக்கு நின்றிருந்தேன். அது மட்டும் உறுதி. கையில் புத்தகம் இல்லாவிட்டால் டிக்கெட்டின் பின்பக்கத்தைக்கூட வாசிக்கிற ஆள் நான். எதிரே இருபதடி உயரத்துக்கு ஒருவர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழே ஒரு பட்டியல். தலைப்பு: 'வரலாற்றில் இந்நாள் – செப்டம்பர் 22'.

கதை அங்கேதான் என்னைப் பிடித்தது. கோபமும் அங்கேதான். இரண்டில் எது முதலில் வந்தது என்று கேட்காதீர்கள்.

2

தொடக்கங்கள்.

"அன்று காலை வைகையின் மேல் மேகங்கள்" (நிறுத்தினேன். மேகத்துக்கு இந்தக் கதையில் ஒரு வேலையும் இல்லை. ஆற்றுக்கும் இல்லை.)

"முனீஸ்வரி தன் தம்பியைக் கொன்றவருக்குப் பிறந்தநாள் ஃப்ளெக்ஸ் செய்துகொண்டிருந்தாள்." (நல்ல வாக்கியம். ஆனால் சட்டப்படி தம்பி அருள்பாண்டியை யாரும் கொல்லவில்லை. கவனக்குறைவால் நேர்ந்த மரணம் என்று வழக்கை முடித்துவிட்டார்கள். யாருடைய கவனக்குறைவு? செத்தவனுடையதுதான்.)

"முனீஸ்வரிக்குக் கணினியில் இரண்டு ஃபைல்கள் இருந்தன." (இதை வைத்துக்கொள்கிறேன்.)

முனீஸ்வரிக்குக் கணினியில் இரண்டு ஃபைல்கள் இருந்தன. ஒன்று பிறந்தநாளுக்கு. இன்னொன்று கண்ணீர் அஞ்சலிக்கு. பழங்காநத்தத்தில் நஜீம் நடத்திய ஃப்ளெக்ஸ் கடையில் ஒன்பது வருடமாக அவள் டிசைனர். ஊரில் பிறப்பவர், சாகிறவர், பூப்பெய்துகிறவர், கட்சி மாறுகிறவர் எல்லாரும் அவள் கைவழியாகத்தான் சுவருக்குப் போனார்கள். பிறந்தநாள் ஃபைலில் சிங்கம், சூரியன், குதிரை. அஞ்சலி ஃபைலில் ஒரு விளக்கு, இரண்டு புறா, 'தோற்றம்' என்று ஒரு தேதி, 'மறைவு' என்று ஒரு தேதி. படத்தை மாற்றி, தேதியை மாற்றினால் வேலை முடிந்தது.

தம்பி அருள்பாண்டியும் அதே கடையில்தான். அவள் செய்வதை அவன் கட்டுவான். இரும்பு ஃப்ரேமில் ஃப்ளெக்ஸை இழுத்துக் கட்டி, சாலை ஓரத்தில் தூக்கி நிறுத்துகிற வேலை.

2023 செப்டம்பர் 22 காலை. அழகுராஜா என்கிற ரோடு காண்ட்ராக்டரின் பிறந்தநாள் ஊர்வலம் வருவதற்குள் வரவேற்பு வளைவை நிறுத்தியாக வேண்டும் என்று விரட்டினார்கள். கரண்டை நிறுத்தச் சொல்லி அருள்பாண்டி கேட்டான். கரண்டை நிறுத்தினால் மைக்செட் ஓடாது என்றார்கள். ஃப்ரேம் தூக்கும்போது மின்கம்பியில் பட்டது.

இதற்கு மேல் அந்தக் காலையை விவரிக்க மாட்டேன். விவரித்தால் நீங்கள் ஐயோ என்பீர்கள். எனக்கு உங்கள் ஐயோ வேண்டாம். தேதியைக் கவனியுங்கள், போதும்.

3

ஏனென்றால் அருள்பாண்டி அன்றைக்குச் சாகவில்லை. இறப்புச் சான்றிதழ் அப்படித்தான் சொல்கிறது: 23.

அண்ணன் அழகுராஜாவின் பிறந்த நாளில் எழவு விழக்கூடாது. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்றைத் தேடி நான் நிறைய நாள் யோசித்தேன். எழுதுகிறவனுக்கு அது ஒரு நோய். இத்தனை பெரிய அநியாயத்துக்கு இத்தனை அற்பமான காரணம் இருக்கமுடியாது என்று நினைப்பான். இருக்கிறது.

ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். (பெயர் சொல்லப்போவதில்லை. கதைக்காகக் கட்டிய ஆஸ்பத்திரி அது.) "உசிரு இருக்கு, வேண்டிக்கங்க" என்று வெளியே வந்து சொன்னார்கள். அம்மா சீனியம்மாள் வாசலிலேயே உட்கார்ந்து, மீனாட்சியில் தொடங்கி, தெரிந்த எல்லாச் சாமிக்கும் நேர்ந்துகொண்டாள். நஜீம் தன் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள கோரிப்பாளையம் தர்காவுக்கு ஓடினார். பகல் முழுக்க. ரவுண்டானாவில் கேக் வெட்டினார்கள், பிரியாணி போட்டார்கள், வெடி வைத்தார்கள். மறுநாள் விடிந்ததும், எங்களால் முடிந்ததைச் செய்துவிட்டோம் என்றார்கள்.

நடுவில் ஒரே ஒரு தடவை முனீஸ்வரியை உள்ளே விட்டார்கள். அவள் தம்பியின் காலைத் தொட்டுப் பார்த்தாள். கால் விறைத்திருந்தது.

வெளியே வந்து அம்மாவிடம் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. ஏனென்றால் சீனியம்மாள் பிறகு வந்தவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்: "கரண்டு அடிச்ச அன்னைக்கே போயிருக்க வேண்டியவன். ஒரு நா பூரா நாந்தான் கும்பிட்டுக் கும்பிட்டுப் பிடிச்சு வச்சிருந்தேன்."

அவளுக்கு மிஞ்சியது அந்த ஒரு நாள்தான். அழகுராஜாவின் ஆட்கள் சொன்ன பொய், அவளுக்கு மகனோடு கிடைத்த கடைசிப் பகலாக ஆகிவிட்டது.

கண்ணீர் அஞ்சலி போஸ்டரைச் செய்தது யார் என்று சொல்லவேண்டியதில்லை. 'மறைவு: 23.09.2023' என்று முனீஸ்வரியே தட்டினாள். புறாவை இரண்டு பக்கமும் சரியாக வைத்தாள்.*

* திதி பார்க்கிறவர்கள் தேதியைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்கள் என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். திதியையும் அந்த 23-ஐ வைத்துத்தான் ஐயர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். பொய்யான நாளில் காக்கைக்குச் சோறு வைத்தார்கள். காக்கை வந்தது. அதுவும் எதிர்க்கவில்லை.

4

அடுத்த வருடம் செப்டம்பரில் பேயாண்டி கடைக்கு வந்தான். அழகுராஜாவின் வலது கை. ஃப்ளெக்ஸ், மாலை, வெடி எல்லாம் அவன் பொறுப்பு. முந்தின வருடம் மைக்செட் ஓடவேண்டும் என்று சொன்னவனும் அவன்தான்.

(பேயாண்டியை எப்படி எழுதுவது என்று எனக்குத் தடுமாற்றம். மீசை, கழுத்துச் சங்கிலி என்று ஆரம்பித்தேன், அடித்தேன். நிஜத்தில் அவன் சிரித்த முகம், யாரையும் அதட்டிப் பேசாதவன். அதனால் எனக்கு அவன்மேல் இன்னும் ஆத்திரம்.)

"தங்கச்சி, இந்த வருசம் வேற மாதிரி பண்றோம்" என்றான். "அண்ணன் நெட்டுல பாத்திருக்காரு. இதே தேதியில உலகத்துல என்னென்ன நடந்துச்சு, யாரு யாரு பொறந்தாகன்னு வருதுல்ல, அத வரிசையாப் போட்டு, கடைசியா நம்ம அண்ணன். எப்பிடி?"

முனீஸ்வரி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நஜீம்தான் அவசரமாக, "நல்லா இருக்கும்ணே, புதுசா இருக்கும்" என்றார்.

"இதே நாள்லதான் காந்தி இங்க மேலமாசி வீதியில சட்டையக் கழட்டிட்டு அரை வேட்டிக்கு மாறுனாராம். நம்ம ஊர்லயே! அண்ணனுக்குப் புல்லரிச்சுப்போச்சு."

"அண்ணன் எதக் கழட்டப்போறாராம்?" என்றார் நஜீம்.

"மாப்ள, வாய வச்சுக்கிட்டு சும்மா இரு." பேயாண்டியும் சிரித்துவிட்டான். போனைப் பார்த்து வாசித்தான். "லிங்கன் இருக்காரு, அடிமை விடுதலை அறிவிப்பு. அப்பறம் ஃபாரடேன்னு ஒருத்தன் பொறந்திருக்கான். யாரு மாப்ள அவன்?"

"கரண்டு கண்டுபிடிச்சவருன்னு சொல்லுவாங்க."

சொல்லிவிட்டுத்தான் நஜீமுக்கு உறைத்தது. பேயாண்டி போனின் திரையைத் துடைத்தான்.

"அந்தாளு வேண்டாம். விட்ரு" என்றான்.

"இருக்கட்டும்ணே" என்றாள் முனீஸ்வரி. "பெரிய ஆளு."

பிறகு அவளே கேட்டாள்: "ஆமா, அண்ணன் சித்திரையிலதான பொறந்தாரு? அழகர் ஆத்துல எறங்குன அன்னைக்கிப் பொறந்ததாலதான் இந்தப் பேருன்னு அவுக அம்மாவே ஊரு பூரா சொல்லுவாகளே?"

பேயாண்டி கோபப்படவில்லை. "சித்திரையில வச்சா எவன் பாப்பான்? செவரு பூரா அழகருதான் நிப்பாரு. பள்ளிக்கூடத்துல வாத்தியாரு இஷ்டத்துக்குப் போட்டுவிட்ட தேதி ஒண்ணு இருக்குல்ல, அது போதும்னு வச்சிட்டோம். நான் வாரேன், சாயங்காலம் டிசைன அனுப்பிரு."

அவன் போன பிறகு முனீஸ்வரி பிறந்தநாள் ஃபைலைத் திறந்தாள். நான் இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தினேன். பிறகு ஒரு வாக்கியம் வந்தது. அவள் மனதில் வந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள்: அந்த ஆள் பிறக்காத நாளில் பிறந்தவராக இருப்பதற்காக, என் தம்பி செத்த நாளில் சாகாதவனாக ஆக்கப்பட்டான்.

5

ஒரே தேதியில் நடந்தவற்றைப் பட்டியல் போடுகிறவர்களுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. ஃபாரடேக்கும் லிங்கனுக்கும் காந்திக்கும் ஒருவரோடொருவர் சம்பந்தம் கிடையாது. லாட்ஜில் ஒரே அறையில் வெவ்வேறு காலத்தில் தங்கிப்போனவர்கள் மாதிரி. பார்க்கிறவன், அட என்று வியந்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகலாம். யாரும் யாருக்கும் பதில் சொல்லவேண்டியதில்லை.

ஆனால் ஒரு பிறப்பும் ஒரு சாவும் ஒரே தேதியில் இருப்பது எப்போதும் தற்செயல் இல்லை. சில நேரம் அந்தப் பிறப்பைக் கொண்டாடியதுதான் அந்தச் சாவுக்குக் காரணம். அப்போது பட்டியல் வியப்புக்குரியதாக இருப்பதில்லை, வாக்குமூலம் ஆகிவிடுகிறது. அவர்கள் தேதியை ஒரு நாள் தள்ளிப் போட்டதில் அந்த வாக்குமூலமும் மறைந்துபோனது.

(கட்டுரையாகப் போகிறது. கடைக்குத் திரும்புகிறேன்.)

6

முனீஸ்வரி பட்டியலை ஆண்டு வரிசையில் போட்டாள்.

1791 – விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே பிறப்பு.
1862 – ஆபிரகாம் லிங்கனின் அடிமை விடுதலை முன்னறிவிப்பு.
1921 – மதுரையில் காந்தியடிகள் அரையாடை ஏற்பு.
1976 – மண்ணின் மைந்தன் அண்ணன் அழகுராஜா பிறப்பு.

ஆண்டு வரிசை என்று வந்துவிட்டால் 1976-க்குப் பிறகும் ஆண்டுகள் உண்டு. அவள் ஐந்தாவது வரியைத் தட்டினாள்.

2023 – மேற்படி பிறந்தநாளுக்கு வளைவு கட்டுகையில் மின்சாரம் தாக்கி பழங்காநத்தம் அருள்பாண்டி மறைவு.

ஒளித்து வைக்கவில்லை. அதே எழுத்து, அதே நிறம்.

இவ்வளவு வெளிப்படையாகப் போட்டது எப்படித் தப்பியது என்று நீங்கள் நம்பாமல் போகலாம். நம்பாதவர்கள் மதுரையில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் ஒரு மாலைநேரம் உட்கார்ந்து பாருங்கள். ஃப்ளெக்ஸில் எழுத்தை யாரும் வாசிப்பதில்லை. கீழே வட்டவட்டமாக வரிசையாய் இருக்கும் தலைகளைத்தான் பார்ப்பார்கள். டிசைனை வாட்ஸப் குரூப்பில் போட்டதும் ஆளாளுக்குத் தன் தலையை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தார்கள்.

"என் தலை ஏன் இம்புட்டுச் சிறுசா இருக்கு?"

"அவன் எனக்கு ஜூனியர். எனக்கு முன்னாடி எப்பிடி நிக்கிறான்?"

"கண்ணாடி போட்ட போட்டோவ மாத்துங்கப்பா, திருடன் மாதிரி இருக்கு."

"கண்ணாடியக் கழட்டுனாலும் அப்பிடித்தாண்டா இருப்ப."

தலைகளை ஏழு தடவை மாற்றி அடுக்கினாள். ஒவ்வொரு தடவையும் ஐந்தாவது வரி அதே இடத்தில் இருந்தது. பேயாண்டி ஒரு கட்டைவிரலை அனுப்பினான். சம்மதம்.

நஜீம் மட்டும் வாசித்தார். வாசித்தாரா? இந்த ஆளிடம்தான் நான் நம்பிக்கை இழக்கிறேன். முந்தின வருடம் "23-ன்னே போட்ருமா, நமக்கெதுக்கு வம்பு" என்று கெஞ்சியவர் இவர்தான். அந்த இரவு தூக்கம் வராமல் தவித்தவரும் இவர்தான். என்னிடம் பேசியபோது, "அல்லா சத்தியமா நான் பாக்கலங்க, அது பாட்டுக்குப் பிரிண்டுக்குப் போயிருச்சு" என்றார். முனீஸ்வரி சொல்வது வேறு. பிரிண்ட் கொடுப்பதற்கு முன் அவர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாராம். அந்தக் கடைசி வரியையே பார்த்தாராம். பிறகு, "எழுத்து ரொம்பச் சிறுசா இருக்கும்மா. ரோட்டுலருந்து தெரியாது" என்று சொல்லிவிட்டு, டீ குடிக்க வெளியே போனாராம்.

அவள் எழுத்தைப் பெரிதாக்கினாள்.

யார் சொல்வது உண்மை என்று எனக்குத் தெரியாது. அவள் சொல்வதையே எழுதியிருக்கிறேன். நஜீமின் வார்த்தையை நம்பினால் அவர் ஒரு பயந்தாங்கொள்ளியாக மிஞ்சுவார். அவள் வார்த்தையை நம்பினால், பயந்துகொண்டே ஒரு காரியம் செய்தவராக ஆவார்.

7

22-ஆம் தேதி காலை ஃப்ளெக்ஸ் நின்றது. வெகுநேரம் யாரும் வாசிக்கவில்லை. பிறகு பேருந்துக்கு நின்ற கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் படம் எடுத்தார்கள். படம் பரவியது. ஊர்வலம் கிளம்பப்போகிற நேரத்தில் பேயாண்டியின் போன் அலறத் தொடங்கியது.

வேறு ஃப்ளெக்ஸ் அடிக்க நேரமில்லை. கழற்றினால் வருகிற பெரிய மனிதர்களுக்கு முன்னால் மொட்டை ஃப்ரேம் நிற்கும். பேயாண்டி பிளேடை வாங்கி அந்த ஒரு வரியை மட்டும் நீளமாக வெட்டி எடுத்தான்.

அதுதான் அவன் செய்த தப்பு. வரி இருந்தவரை ரோட்டில் பத்துப் பேர் வாசித்திருப்பார்கள். ஓட்டையை எல்லாரும் வாசித்தார்கள். டீக்கடையில் கேட்டார்கள், ஆட்டோவில் கேட்டார்கள்: "அங்க என்னய்யா இருந்துச்சு?" தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொன்னான். காற்றடிக்கும்போது அந்த ஓட்டையின் ஓரம் மட்டும் படபடத்தது.

மகன் பேரை வெட்டிவிட்டார்கள் என்று சீனியம்மாளுக்கும் யாரோ சொன்னார்கள். அவள் நடந்து வந்தாள். பின்னாலேயே முனீஸ்வரி ஓடி வந்தாள். "அம்மா வேணாம், வீட்டுக்குப் போவோம்." அவளுக்கு அழகுராஜாவைப் பற்றிய பயம் இல்லை. அம்மாவின் அந்த ஒரு நாளைப் பிடுங்கப்போகிறோமே என்ற பயம்தான்.

சீனியம்மாள் ஃப்ளெக்ஸ் அருகே வந்து, வெட்டின ஓரத்தில் விரலை வைத்தாள். கையில் பிளேடோடு நின்ற பேயாண்டியைப் பார்த்தாள்.

"இங்க என்ன எழுதியிருந்துச்சு?"

"ஒண்ணுமில்லத்தா. நீ வீட்டுக்குப் போ, நான் அப்பறம் வாரேன்."

"எனக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். நீ படிச்சவன். சொல்லு."

"எனக்குத் தெரியாதுத்தா."

"நீதான வெட்டுன? படிக்காமயா எம்புட்டு நீளம்னு பாத்து வெட்டுன?"

சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. மேளம் அடிக்க வந்தவர்கள் மேளத்தைத் தரையில் வைத்துவிட்டார்கள். அத்தனை வருடம் அத்தனை ஃப்ளெக்ஸ் கட்டியும் ஒரு எழுத்தைக்கூட வாசிக்காத பேயாண்டி, அந்த ஒரு வரியை மட்டும் வாசித்திருந்தான். வெட்டுவதற்காக வாசித்திருந்தான்.

அவன் சொன்னான். மெதுவாகத்தான் சொன்னான். ஆனாலும் ஒரு சொல்லையும் விடாமல் சொன்னான்: ஆண்டு, பிறந்தநாள், வளைவு, மின்சாரம், பழங்காநத்தம், பெயர்.

சீனியம்மாள் திரும்பி மேலே எழுதியிருந்த தேதியைப் பார்த்தாள். அதை அவளால் கூட்டி வாசிக்க முடிந்தது.

"அப்ப இருவத்திரெண்டா?" என்றாள், மகளைப் பார்த்து.

முனீஸ்வரி ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"அப்ப நான் கும்பிட்டுக்கிட்டு இருந்த அம்புட்டு நேரமும்"

இந்த வாக்கியத்தை நான் பாதியில் விடவில்லை. அவள்தான் விட்டாள்.

8

முடிவுகளை யோசித்தேன்.

(அ) அழகுராஜா வண்டியிலிருந்து இறங்கி வந்து, அந்தத் தாயின் காலில் விழுகிறார். (எழுதிப் பார்த்தேன். அவர் விழவே மாட்டேன் என்கிறார். அவருடைய வண்டி வேறு வழியாகப் போய்விட்டது.)

(ஆ) நீதிமன்றம், மறுவிசாரணை, கைவிலங்கு. (இதை எழுத எனக்கு ஆசை. ஆசை என்பதாலேயே எழுதக்கூடாது.)

(இ) சீனியம்மாள் மகளைக் கட்டிக்கொண்டு, "எனக்கு அன்னைக்கே தெரியும்டி" என்கிறாள். (இதை எழுதியும் முடித்துவிட்டேன். அழகாகத்தான் வந்தது. படித்தவர்கள் கண் கலங்குவார்கள், கலங்கிய கையோடு எல்லாரையும் மன்னித்துவிடுவார்கள். கிழித்துவிட்டேன். அவளுக்கு அன்றைக்குத் தெரியாது. தெரியாமல்தான் பகல் முழுக்கக் கும்பிட்டாள். அந்த வேண்டுதலைத் திருடியவர்களை நான் விட்டுவிட முடியாது.)

அதனால் முடிவு என்னிடம் இல்லை. அந்தத் தாய் பாதியில் விட்ட வாக்கியம் இருக்கிறது. அதை முடிக்கிற வேலை உங்களுக்கு. இனி நீங்கள் பேருந்துக்கு நிற்கும்போது எதிரே ஒருவர் இருபதடி உயரத்தில் கைகூப்பிச் சிரித்தால், தலைகளைப் பார்க்காதீர்கள். அதைக் கட்டியவன் பத்திரமாக இறங்கினானா என்று கேளுங்கள்.

என்ன ஆனார்கள் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

நஜீமின் கடையை ஒரு வாரம் திறக்கவிடவில்லை. இப்போது கோரிப்பாளையத்தில் சின்னதாய் ஒரு கடை போட்டிருக்கிறார், கல்யாணப் பத்திரிகை மட்டும் அடிக்கிறார். முனீஸ்வரி டி. கல்லுப்பட்டியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு வேலைக்குப் போகிறாள். சான்றிதழில் தேதியை மாற்றக் கேட்டு மூன்று தடவை மனுக் கொடுத்தாள். மாற்றவில்லை. பேயாண்டி அழகுராஜாவிடம் இல்லை; வேறொருவருக்கு ஃப்ளெக்ஸ் கட்டுகிறான். அழகுராஜா நலமாக இருக்கிறார், பிறந்தநாளை நட்சத்திரப்படி கொண்டாடுவதாக இப்போது சொல்கிறார். சீனியம்மாள் திதியை மாற்றிவிட்டாள்; ஐயரிடம் கேட்கவில்லை, தானே மாற்றினாள்.

அருள்பாண்டி செப்டம்பர் இருபத்திரண்டாம் தேதி காலையில் இறந்தான்.